கூவாத சேவல்

இன்று காலை, கிள்ளானில் எங்கள் வீட்டுச் சேவல் முட்டை போட்டதைப் பார்த்தேன்.

மகனுக்கு லைசன்ஸ் கிடைத்தால் முனியாண்டிக்குச் சேவல் என்று நேர்ந்துகொண்டு, செலாயாங் பாசாரில் குஞ்சாக வாங்கி வந்தது. “சேவல்தான் பாஸ், கொண்டையப் பாருங்க லா,” என்றார் வியாபாரி.

ஆறு மாதம் வளர்த்தேன். அந்தக் கொண்டை அதற்குமேல் பெரிதாகவில்லை. காலில் முள் முளைக்கவில்லை. ஒருநாளும் கூவவில்லை. சாமிக்கு நேர்ந்தது, அதனால்தான் இவ்வளவு அடக்கம் என்று பெருமைப்பட்டேன்.

மகன் லைசன்ஸ் எடுத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை பூசை.

முட்டையைக் கொண்டுபோய் மனைவியிடம் காட்டினேன். அவள் வாங்கி ஃபிரிட்ஜில் வைத்தாள். உள்ளே அதே நிறத்தில் இன்னும் நான்கு இருந்தன.

“உனக்குத் தெரியுமா?”

“ரெண்டு வாரமா போடுது. சொன்னா கறி வெச்சிருப்பீங்க. தினமும் நாசி லெமாக் சோத்தோட நீங்கதானே சாப்பிட்டீங்க?”

அவளையாவது மன்னித்துவிடலாம். வெள்ளிக்கிழமைதோறும் கோயிலில் நின்று, “சேவல் நல்லா வளருது சாமி,” என்று சொல்லி வந்தேன். முனியாண்டியும் கேட்டுக்கொண்டு சும்மாதான் இருந்தார்.

இதற்கு மேல் யாரிடம் போய் முறையிடுவது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.