ஓரத்தில் ஒரு கிளிப்பச்சைத் தாவணி

போன வாரம் நண்பன் சுந்தர் வாட்ஸ்அப்பில் மூன்று படங்கள் அனுப்பியிருந்தான். மூன்றும் ஒரே சினிமாக் காட்சி. ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடியில் கூட்டம், பின்னால் கோபுரம். கீழே ஒரு கேள்வி - 'ஏலே, இதுல எது நெசக் கலர்?'

சுந்தருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் டயர் கடை. அது வயிற்றுக்கு. மனசுக்குப் பழைய சினிமா. ஒரே படத்தின் ஃபிலிம் ரீல், வீடியோ கேசட், நெட்டில் கிடைக்கும் காப்பி... எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பான். எதில் கலர் சரி, எதில் எவ்வளவு வெட்டு என்று ஆராய்ச்சி. கேட்க வேறு ஆளில்லாததால் எனக்கு அனுப்புவான். நானும் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு என் வேலையைப் பார்ப்பேன்.

இந்த முறை முடியவில்லை.

ரீலிலிருந்து எடுத்த படத்தில் எல்லாமே சிவப்பு. பழைய கலர் ரீல்களுக்கு அது ஒரு வியாதி. மற்ற நிறங்கள் வெளுத்துப்போய், கோபுரம், ஆகாயம், ஆட்கள் எல்லாமே ரோஸ்மில்க்கில் முக்கியெடுத்த மாதிரி ஆகிவிடும். அந்தச் சிவப்புக்குள், இடது ஓரத்தில், இரட்டைச் சடையோடு ஒரு பெண் தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறாள்.

என் மதினி.

ராஜபாளையத்தில் இருக்கும் என் அண்ணனின் மனைவி. கல்யாணத்துக்கு முன்னால் ஷூட்டிங் வேடிக்கை பார்க்கப் போனவரைக் கூட்டத்தோடு நிற்க வைத்திருக்கிறார்கள். படம் வந்தபோது தியேட்டரில் தன்னைப் பார்த்தும் இருக்கிறார். அண்ணன் அப்போது ராணுவத்தில், எங்கோ பனியில். கல்யாணமான பிறகு ஒரு லீவில் அந்தப் படம் டிவியில் வந்தது. வீடே உட்கார்ந்து பார்த்தது. தேரடி வந்தது. கூட்டம் வந்தது. மதினி வரவில்லை.

"எங்கட்டி நிக்க? கோபுரத்துக்குப் பின்னாடியா?" என்றார் அண்ணன். எல்லாரும் சிரித்தோம்.

அது எங்கள் வீட்டின் நிரந்தர ஜோக் ஆகிவிட்டது. பிள்ளைகள் பிறந்து, அவர்களும் கற்றுக்கொண்டார்கள். மதினி எதையாவது அடித்துச் சொன்னால், "ஆமா, சினிமாவுல நின்ன மாதிரி" என்பார்கள். ஆரம்பத்தில் மறுத்தார். பிறகு விட்டுவிட்டார். டிவியில் அந்தப் படம் வந்தால் மட்டும், அடுப்படியில் வேலை இருப்பதாக எழுந்து போவார். ஒரு மனுஷி சொன்னதை வீடே நம்பாமல் இருப்பது... சின்ன விஷயமா?

நடந்தது இதுதான். பழைய டிவிப் பெட்டி கிட்டத்தட்டச் சதுரம். தியேட்டரில் ஓடும் சினிமாஸ்கோப் படம் பக்கவாட்டில் நீளம். பெட்டிக்குள் அடங்க இரண்டு பக்கத்தையும் வெட்டியிருக்கிறார்கள். அந்த வெட்டில் போனவர் மதினி. டிவியிலும் கேசட்டிலும் நெட்டிலும் ஒரு கையும் தாவணி நுனியும் மட்டும் மிச்சம். யார் கையோ என்று நாங்கள் வருஷக்கணக்காகப் பார்த்தது அந்தக் கையைத்தான். நம் பெட்டிக்குள் தெரியாததெல்லாம் நடக்கவேயில்லை என்று எவ்வளவு சுலபமாக முடிவு செய்துவிடுகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனையும் மதினியையும் பஸ்ஸில் சுந்தர் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். காரணம் சொல்லவில்லை. சுந்தர் கம்ப்யூட்டரில் ரீல் படத்தைப் பெரிதாகப் போட்டான். அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். மறுபடி கழற்றித் துடைத்தார்.

மதினி திரைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

சுந்தருக்கு அவன் கவலை. "மதினி, இந்தத் தாவணி என்ன கலரு? கேசட்டுல பச்சை மாதிரி இருக்கு, நெட்டுல நீலமா வருது. இது ஒண்ணு தெரிஞ்சா போதும், அத வச்சு மத்தத எல்லாம் சரி பண்ணிப் பாக்கலாம்."

"கிளிப்பச்சை." மதினி யோசிக்கவேயில்லை.

"நல்லா ஞாபகம் இருக்கா?"

பதில் சொன்னது அண்ணன். "அவ சொன்னா சரியாத்தான் இருக்கும். போடுங்க."

இந்த ஒரு வாக்கியத்துக்காக மதினி எத்தனை வருஷம் காத்திருந்தாரோ...

சுந்தர் தாவணியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளிப்பச்சைக்குக் கொண்டுவந்தான். கூடவே மற்றதும் திரும்பியது. ஆகாயம் நீலமானது. கோபுரம் தன் நிறத்துக்கு வந்தது. கூட்டத்தில் இருந்த எல்லாருக்கும் மனுஷ முகம் கிடைத்தது. மதினி சொன்ன ஒரு சொல்லில் தேரடியே சரியாகிவிட்டது.

மதினி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "செத்த நேரம் ஃபேனைப் போடுங்க தம்பி, வேர்க்குது" என்றார். ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இப்போது அண்ணன் அந்தப் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு தெருவில் ஒருவரையும் விடுவதில்லை. நேற்று நான் போயிருந்தபோது அடுத்த வீட்டுக்காரரை வாசலில் நிறுத்தி, "எங்க வீட்டம்மா நடிச்ச படம் பாத்திருக்கியளா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

உள்ளேயிருந்து மதினியின் குரல் வந்தது.

"நடிக்கல்லாம் இல்ல. நின்னேன். அம்புட்டுத்தான்."

இத்தனை வருஷமாக அவர் சொல்லிவந்ததும் அம்புட்டுத்தான்.