அபிராமி தும்பிக்கையைத் தூக்காத நாள்

சாலாக் செலாத்தான் அடுக்குமாடிக் குடியிருப்பில் கமலநாதன் வீடு எது என்று கேட்டால் யாரும் கதவு எண் சொல்வதில்லை. "கீழ கார் பார்க்கிங்ல ஒரு யானை நிக்கும். அதுக்கு நேர் மேல, மூணாவது மாடி" என்பார்கள்.

யானையின் பெயர் அபிராமி. கமலநாதனின் கைவேலை. உடம்பு ஃபைபர், தோல் ரப்பர். காதுகளை ஆட்டுபவை பழைய வேன்களின் வைப்பர் மோட்டார்கள். தும்பிக்கையைத் தூக்குவது ஓர் ஆட்டோகேட் மோட்டார். யாரோ பெரிய மனிதர் வீட்டு கேட்டைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது, இப்போது பக்தர்களுக்கு ஆசீர்வாதம் செய்கிறது. நெற்றிப்பட்டத்தின் நடுவே சிவப்புக் கல்போல் மின்னுவதுதான் சென்சார். எதிரே ஆள் வந்து நின்றால் தும்பிக்கை எழும், தலையைத் தொடும், இறங்கும்.

அந்த சென்சார் சுபாங் ஜெயாவில் மூடிப்போன ஒரு துணிக்கடையின் தானியங்கிக் கதவிலிருந்து வந்தது. விற்றவர் நேர்மையானவர்.

"பாஸ், முன்னாடியே சொல்லிடறேன். கறுப்புத் துணி போட்டவங்கள இது சரியா பிடிக்காது. கண்ணாடியில போய் முட்டிக்குவாங்க லா."

கோயிலுக்கு யார் கறுப்பில் வரப்போகிறார்கள் என்று கமலநாதன் நினைத்தார். வாங்கிவிட்டார்.

கமலநாதனுக்குத் தொழில் ஏர்கான், அதாவது ஏசி, பழுதுபார்ப்பது. நிஜ யானையோடு அவருக்கு இருந்த பழக்கம் ஒரே ஒரு தடவை, மிருகக்காட்சிசாலையில். வாழைப்பழத்தை நீட்டினார். யானை வாங்கிக்கொண்டு முதுகைக் காட்டித் திரும்பிவிட்டது. அது வெட்கம் என்று இன்றுவரை விளக்கம் சொல்கிறார். மற்றபடி யானை பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் வாட்ஸ்அப்பில் வந்தது. அதுவே ஏராளம். திருவிழாக்களில் அபிராமி ஆசீர்வாதம் செய்ய, பக்கத்தில் மைக்கோடு நின்று அவர் அந்த ஞானத்தை ஊருக்குப் பிரித்துக் கொடுப்பார்.

"யானை எதையும் மறக்காதுங்க! நல்லவன் யாரு, கெட்டவன் யாருன்னு வாசனையிலயே கண்டுபிடிச்சிடும்! அது கண்ணுக்கு மனுஷன் பத்து மடங்கு பெரிசா தெரிவான். அதனாலதான் நமக்கு அடங்கி நடக்குது!"

அபிராமி லோரியிலிருந்து இறக்கப்படுவதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். வால் பக்கம் சார்ஜர் கம்பி தொங்குவதையும் பார்த்திருக்கிறார்கள். ஆனாலும் ஒன்றிரண்டு திருவிழாக்கள் கழிந்ததும் சார்ஜர் கம்பி யார் கண்ணிலும் படாமல் போயிற்று. பிரிக்பீல்ட்ஸில் பூக்கடை வைத்திருக்கும் தங்கமணி ஆன்டிதான் ஆரம்பித்து வைத்தார்.

"போன வருஷம் என்னை ஆசீர்வாதம் பண்ணா. இந்த வருஷமும் பார்த்த உடனே தும்பிக்கையைத் தூக்கிட்டா. எவ்வளவு ஞாபகம் பாரேன்!"

பிறகு வாழைத்தார்கள் வர ஆரம்பித்தன. அபிராமியின் வாய் திறக்காது என்பதால் அவை மூன்றாவது மாடிக்குப் போயின. கமலநாதனின் மனைவி மலர் வாரக்கணக்கில் வாழைப்பழ பஜ்ஜி சுட்டார். "உங்க யானைக்கு டயட் சொல்லுங்க" என்றார் ஒருநாள்.

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அடுக்குமாடி நிர்வாகக் குழு விழித்துக்கொள்ளும்வரை. மாத முடிவுக்குள் யானையைப் பார்க்கிங்கிலிருந்து அகற்ற வேண்டும், இல்லையென்றால் இழுத்துப்போகும் லோரி வரும் என்றார்கள். காட்டிய விதி: செல்லப் பிராணிகளுக்கு அனுமதி இல்லை. கமலநாதனுக்கு வருத்தம் பாதி, பெருமை பாதி. பெருமையை வைத்து யானையை நிறுத்த முடியாது. அபிராமிக்கு ஓர் இடம் வேண்டும். இல்லாவிட்டால் அறுத்து ஃபைபராகத்தான் விற்க வேண்டும்.

இடம் தருவதாகச் சொன்னவர் சண்முகரத்தினம். கிள்ளானில் ஒரு கோயிலின் தலைவர். அரசாங்க உத்தியோகத்தில் ஓய்வு பெற்ற பிறகும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்போலவே நடந்து வருபவர். கோயிலுக்குப் பின்புறம் ஒரு காலிக் கொட்டகை இருந்தது. "திருவிழா அன்றைக்கு மேடையில அறிவிக்கிறேன், தம்பி. முதல்ல எனக்கு யானை ஆசீர்வாதம், அதுக்குப் பிறகு அறிவிப்பு. முறைன்னு ஒண்ணு இருக்குதானே?"

அது கார்த்திகை மாதம். தலைவர் அந்த ஆண்டுதான் முதன்முதலாக ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தார். அடுத்த மாதம் தலைவர் பதவிக்குத் தேர்தல் என்பதற்கும் பக்திக்கும் முடிச்சுப் போட்டவர்கள் உண்டு. அவர்களை விடுங்கள். திருவிழா அன்று விரதக்காரர் கறுப்பு வேட்டி, கறுப்புச் சட்டை, தோளில் கறுப்புத் துண்டு என்று வந்து, கூட்டம் விலக, அபிராமியின் முன்னால் கைகூப்பி நின்றார்.

அபிராமி காதை ஆட்டினாள். தும்பிக்கை அசையவில்லை.

தலைவர் ஓரடி முன்னால் வந்தார். அசைவில்லை. பின்னால் போய் மறுபடி வந்தார். அசைவில்லை. பத்து மடங்கு பெரிதாகத் தெரிய வேண்டியவர் அபிராமியின் கண்ணுக்குத் தெரியவே இல்லை. அந்த நேரம் பார்த்து மஞ்சள் சட்டை போட்ட ஒரு குழந்தை குறுக்கே ஓடியது. தும்பிக்கை ஜம்மென்று எழுந்து அதன் தலையைத் தொட்டது.

கூட்டத்தில் குசுகுசுப்பு எழுந்தது.

"யானைக்குத் தெரியாதா என்ன?"

"என்னவோ இருக்குது. இல்லேன்னா ஏன் தூக்க மாட்டேங்குது?"

"குழந்தைக்குத் தூக்குது பாரு. மனசு சுத்தம்."

என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தெரியாததால் ஆளுக்கொன்று வைத்துக்கொண்டார்கள். தலைவர் கமலநாதனைத் தூணுக்குப் பின்னால் இழுத்தார்.

"என்ன தம்பி இது? என் மானத்தை வாங்குதே!"

"ஐயா, ஒண்ணுமில்ல. சென்சாருக்குக் கறுப்பு பிடிக்காது. அவ்வளவுதான்."

"அப்படின்னா மைக்ல சொல்லும். இது மெஷின்னு சொல்லும். இப்பவே! சொல்லலேன்னா கொட்டகை இல்ல."

கமலநாதன் அபிராமியைப் பார்த்தார். இத்தனை காலமும் தன் வாயால் ஊதிப் பெரிதாக்கிய யானை. உண்மையைச் சொன்னால் அவள் பெயர் போகும். சொல்லாவிட்டால் அவளே போவாள். மைக்கை எடுத்தார்.

"எல்லாரும் கேளுங்க. இது யானை இல்ல. ஃபைபர். காது வைப்பர் மோட்டார். தும்பிக்கை ஆட்டோகேட் மோட்டார். இதுக்கு நல்லவன் கெட்டவன் தெரியாது. கறுப்புத் துணி போட்டா ஆளே தெரியாது. அவ்வளவுதாங்க!"

அவர் வாழ்நாளில் யானை பற்றி மைக்கில் சொன்ன முதல் உண்மை இது. ஒருவரும் நம்பவில்லை.

"பாவம்," என்றார் தங்கமணி ஆன்டி, எல்லோருக்கும் கேட்கும்படி. "மிரட்டிட்டாங்க அவரை."

"பக்கத்துல வச்சுக்கிட்டே மெஷின்னு சொல்றாரே. அதுக்கு மனசு வருத்தப்படாதா?"

"அண்ணே, கண்ணுல தண்ணி பாருங்க!"

உண்மையிலேயே அபிராமியின் கண்ணோரம் ஈரம் வழிந்தது. மத்தியானம் பெய்த மழை நெற்றிப்பட்டத்தில் தேங்கியிருந்தது. கமலநாதன் மைக்கைக் கீழே இறக்கினார்.

தலைவரின் முகம் சின்னதாகிவிட்டது. அப்படி அவரை யாரும் பார்த்ததில்லை. தங்கமணி ஆன்டிக்கே மனது கேட்கவில்லை. விருந்தினர்களுக்கு வைத்திருந்த ஜரிகைப் பொன்னாடை ஒன்றைத் தட்டிலிருந்து எடுத்து வந்து, "சரி, போவட்டும் ஐயா" என்று அவர் தோளில் போர்த்தி, அபிராமியின் பக்கம் திருப்பி நிறுத்தினார். "நல்லா மன்னிப்புக் கேட்டுக்குங்க."

விளக்கு வெளிச்சத்தில் ஜரிகை தகதகவென்று மின்னியது. தும்பிக்கை எழுந்தது. தலைவரின் தலையைத் தொட்டது. அவர் திடுக்கிட்டு நகர, மறுபடி எழுந்து மறுபடி தொட்டது. கூட்டம் "அரோகரா!" என்றது.

"மன்னிச்சிட்டா!"

"பெரிய மனசு. யானை இல்லையா!"

எதற்காக மன்னித்தாள் என்று யாரும் கேட்கவில்லை. தலைவரும் கேட்கவில்லை. கலங்கிய கண்ணோடு மைக்கை வாங்கிக் கொட்டகையை அறிவித்தார். அடுத்த மாதம் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். யானையே மன்னித்த ஆளை எதிர்த்து யார் நிற்பார்கள்?

அபிராமி இப்போது கிள்ளானில் இருக்கிறாள். சாலாக் செலாத்தானில் அந்த இடத்தில் ஒரு மைவி கார் நிற்கிறது. விரதம் முடிந்து தலைவர் வெள்ளைக்குத் திரும்பிவிட்டார். ஆனாலும் தினமும் காலையில் தோளில் அந்தப் பொன்னாடையோடு கொட்டகைக்கு வந்து நிற்கிறார். தும்பிக்கை எழுந்து தலையைத் தொட்ட பிறகுதான் கோயில் அலுவலகத்தைத் திறக்கிறார். மெஷின் என்று அவருக்குத் தெரியும். சொல்லச் சொன்னவரே அவர்தான்.

போன வாரம் கமலநாதன் ஓர் ஏர்கானுக்குள் தலையை விட்டிருந்தபோது போன் வந்தது.

"தம்பி, இன்றைக்குத் தூக்க மாட்டேங்கிறா."

பேட்டரி, என்று கமலநாதனுக்கு உடனே தெரிந்துவிட்டது. முந்தின நாள் கிள்ளானுக்குப் போய்ச் சார்ஜ் போட மறந்தது அவரேதான். ஆனால் யானையை வைத்திருப்பவருக்கு யானையைவிட அதன் பெயரைக் காப்பதுதான் பெரிய பொறுப்பு.

"ஐயா, நேத்து யாரையாவது திட்டினீங்களா?"

"ஒரே ஒருத்தரைத்தான்" என்றார் தலைவர். "கோயில் கூட்டுற பொம்பளையை."

"அவங்ககிட்ட போய் ரெண்டு நல்ல வார்த்தை பேசிட்டு வாங்க. நான் மத்தியானம் வரேன்."

போனை வைத்துவிட்டு, மறக்காமல் எடுத்துப்போக வேண்டுமென்று சார்ஜரைப் பைக்குள் போட்டார்.