கட்டுறதுக்கா, குடுக்கிறதுக்கா?

என் அண்ணன் வீட்டுப் பீரோவின் மேல் ஒரு சேலை பிரிக்காமல் கிடக்கிறது. மினுமினுக்கும் ஊதா நிறம். கண்ணாடிக் கவருக்குள் சேலையின் மேல் ஓர் அட்டை. அட்டையில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் கைகூப்பிச் சிரிக்கிறார். கீழே ‘அன்பளிப்பு’ என்று அச்சடித்திருக்கிறது. பட்டாசு ஆலை வெடியில் என் மதினி செத்துப்போன ஒன்பதாம் நாள், வாசலில் வண்டியை நிறுத்திக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்த வீட்டில் இப்போது சேலை கட்ட ஆள் இல்லை. அண்ணனும் இரண்டு ஆண் பிள்ளைகளும்தான் இருக்கிறார்கள்.

எனக்குக் கோபமாகப் பேச வராது. நாலு பேருக்கு முன்னால் வாயைத் திறந்தால் குரல் நடுங்கும். பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு விருதுநகரில் ஒரு சேலைக் கடையில் சேர்ந்தவன், ஐம்பதைத் தொடும் வயதிலும் அதே மொத்த வியாபாரக் கடையில் அதே பலகைக்குப் பின்னால் நிற்கிறேன். எழுதினால் குரல் நடுங்குவது யாருக்கும் கேட்காது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் கடைக்கு வந்து யார் சேலை கேட்டாலும் முதலில் நாங்கள் கேட்பது ஒன்றுதான். “கட்டுறதுக்கா, குடுக்கிறதுக்கா?” கட்டுவதற்கு என்றால் மேல் தட்டு. கொடுப்பதற்கு என்றால் கீழ்த் தட்டு. கீழ்த் தட்டுச் சேலை நீளம் குறைவு, ரவிக்கைத் துணி இருக்காது, முதல் தண்ணீரிலேயே சாயம் போகும். பார்வைக்கு மட்டும் மேல் தட்டைவிடப் பளபளப்பாக இருக்கும். முழுக்க முழுக்கப் பாலியஸ்டர். கோடை காலத்தில் இருட்டுக் குடோனில் அந்தப் பண்டலைப் பிரித்தால் கை முடி குத்திட்டு நிற்கும். பட்பட்டென்று பொரியும். சில நேரம் நீலமாகச் சின்னப் பொறி கண்ணுக்கே தெரியும். இது கடையில் வேலை பார்க்கும் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

மதினி எம். புதுப்பட்டிப் பக்கம் ஓர் ஆலையில், வெடிக்குள் மருந்து செலுத்தும் அறையில் வேலை பார்த்தார். அந்த அறைக்குள் நூல் சேலை தவிர வேறு எதுவும் கட்டிக்கொண்டு போகக் கூடாது. செருப்பு, வளையல், கொண்டை ஊசி எதுவும் ஆகாது. வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்துவிட்டுத்தான் காலெடுத்து வைக்க வேண்டும். உடம்பில் இருக்கும் கரண்டு மண்ணுக்குப் போய்விடுமாம். அந்தப் பழக்கம் மதினிக்குக் கையோடு ஒட்டிப்போயிருந்தது. எங்கள் வீட்டுக்கு வந்தால்கூட கதவின் பித்தளைக் கொண்டியைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். “ஒங்க வீடும் வெடிக்காம இருக்கட்டும் கொளுந்தனாரே” என்று சிரிப்பார்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் அவர்கள் ஊரில் வேறோர் ஆலை வெடித்தது. அடுத்த வாரம் ஒரு நன்கொடைக் குழுவின் தலைவர் எங்கள் கடைக்கு வந்தார். அரிசி ஒரு கடை, பிளாஸ்டிக் வாளி ஒரு கடை, போர்வை ஒரு கடை என்று ஒரே காலையில் ஏறி இறங்கி, கடைசியாகச் சேலைக்கு வந்திருந்தார். ஊரில் வேலைக்குப் போகும் பெண்கள் எல்லாருக்கும் ஆளுக்கு ஒன்று. “போட்டோவுல எடுப்பாத் தெரியணும்ப்பா” என்றார். என் கை நூல் சேலைத் தட்டுக்குப் போனது. “அது என்ன, அழுவாச்சியா இருக்கு” என்றார். முதலாளி கீழ்த் தட்டைக் காட்டினார். நான் முதலாளியிடம் தணிந்த குரலில், “அண்ணாச்சி, அந்த ஊருக்கு இது ஆகாது” என்றேன். “குடுக்கிறதுக்குத்தானலே” என்றார் அவர். அதோடு நான் வாயை மூடிக்கொண்டேன். அத்தனை சேலையையும் நான்தான் மடித்தேன். கவருக்குள் தலைவர் சிரிக்கும் அட்டையை நான்தான் சொருகினேன்.

பள்ளிக்கூட மைதானத்தில் மேடை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மதினி வாங்கிக்கொண்டு, போட்டோ எடுக்கும் வரை நின்றுவிட்டு, பிறகு தலைவரிடம் கேட்டிருக்கிறார்.

“அண்ணாச்சி, இதக் கட்டிட்டு நாங்க எங்கன போக?”

“நல்லது பொல்லதுக்குக் கட்டிக்கோ தாயி. ஒரு விசேசம்னா வேணும்ல?”

“இந்த மாசம் எங்க ஊர்ல இருக்கிற விசேசம் எல்லாம் பதினாறாம் நாள் விசேசம்தான். அதுக்கு மினுக்கிட்டுப் போகவா?”

தலைவர் அடுத்த பெண்ணைக் கூப்பிட்டுவிட்டாராம்.

மதினியின் பயம் சேலை மட்டமானது என்பதல்ல. சீசன் நேரத்தில் ஆலை கேட்டில் யாரும் யாருடைய சேலையையும் தொட்டுப் பார்ப்பதில்லை. இருக்கிற இரண்டு நூல் சேலையும் காயாமல் கிடக்கிற மழை நாளில், எவளாவது ஒருத்தி அவசரத்துக்கு இதைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தால் அவளோடு சேர்ந்து அறையே போய்விடும். அதனால் வீடு வீடாகப் போய் அவற்றைத் திரும்ப வாங்கினார். “பொங்கலுக்குக் கட்டுவேன் மதினி, தர மாட்டேன்” என்றவளிடம், “கட்டு. கேட்டுக்கு இந்தப் பக்கம் மட்டும் கட்டு” என்றாராம். சேர்ந்த சேலைகளை ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, இரண்டு பெண்களோடு எங்கள் கடைக்கே வந்து இறங்கினார்.

நான் பலகைக்குப் பின்னால் நின்றேன். மதினி என்னைப் பார்த்தார். நான் அவர் யார் என்று யாரிடமும் சொல்லவில்லை.

“இதுக்குப் பதிலா நூல் சேலை குடுங்க அண்ணாச்சி. பாதி எண்ணிக்கை குடுத்தாக்கூடப் போதும்” என்றார்.

“தானமாப் போன சரக்கு திரும்பக் கடைக்குள்ள வரக் கூடாது தாயி. அது எங்க பழக்கம்.”

“இது பொறி தட்டுற துணி. நம்பலேன்னா ஒங்க கடையில வேல பாக்குறவுகளையே கேளுங்க.”

முதலாளி என் பக்கம் திரும்பினார். “ஏம்ப்பா, அப்படியா?”

நான் என் கையில் இருந்த கத்தரிக்கோலைப் பார்த்துக்கொண்டு, “தெரியல அண்ணாச்சி” என்றேன்.

மதினி திரும்பி வாசலுக்குப் போனார். மூட்டைகளை அவர்களே திரும்ப ஏற்றினார்கள். நான் அதற்குக்கூடக் கை கொடுக்கவில்லை.

அதற்காக மதினி என்னிடம் முகத்தைத் திருப்பியது கிடையாது. போனால் வழக்கம்போலச் சோறு போடுவார். ஆனால் “உப்பு எங்க மதினி?” என்று கேட்டால், என் குரலிலேயே, குனிந்த தலையோடு, “தெரியல அண்ணாச்சி” என்பார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உப்பை மறுபடி கேட்க மாட்டேன்.

சேலைகளை அவர் தம் தாய் வீட்டுக்கு, ஆனைக்குட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கே மக்காச்சோளக் காட்டுக்குள் ராத்திரியில் காட்டுப்பன்றி இறங்கும். கம்பு நட்டு, சேலைகளை வரிசையாகக் கட்டினார்கள். நான் மடித்த சேலைகள் காட்டைச் சுற்றிக் காற்றில் மினுங்குவதைப் பஸ்ஸில் போகும்போது பார்த்திருக்கிறேன். பன்றி வரவில்லையாம். “ஒங்க சரக்கு நல்ல சரக்குதான்” என்று மதினி சொல்லி அனுப்பினார்.

இந்த வருடம் அவர் போனார். அன்றைக்கும் நூல் சேலைதான் கட்டியிருந்தார். செம்புத் தகட்டையும் தொட்டுவிட்டுத்தான் போயிருப்பார், எனக்குச் சந்தேகமே இல்லை. மூன்று அறை தள்ளி எதுவோ நடந்திருக்கிறது. என்ன என்று கேட்டால் விசாரணை நடக்கிறது என்கிறார்கள். எல்லா விதியையும் கடைப்பிடித்தவர் செத்துப்போனார். எந்த விதியும் தெரியாதவர் மறுபடியும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார்.

ஏழாம் நாள் முதலாளி ஆள் விட்டுக் கூப்பிட்டார். பெரிய ஆர்டர், மடிக்க ஆள் இல்லை. சவரம் செய்யாத முகத்தோடு போனேன். பலகைக்கு முன்னால் அதே தலைவர் உட்கார்ந்திருந்தார். அதே ஊர்.

“போன தடவ எடுத்தோமே, அந்த மாதிரியே போடுங்க.”

“போன தடவ எடுத்தது ஆனைக்குட்டத்துல பன்னி வெரட்டுது” என்றேன்.

கடையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் குரலா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. “இது பொறி தட்டும். எனக்குத் தெரியும். அப்பவும் தெரியும். மருந்து அறையில வேல பாக்குற பொம்பளைகளுக்கு நூல் சேலை எடுங்க. அழுவாச்சியா இருந்தாலும் அத எடுங்க.”

“ஒனக்கு ஏம்ப்பா இம்புட்டுக் கோவம்?”

“செத்தது எங்க மதினி.”

தலைவர் எழுந்து என் தோளைத் தொட்டு, ரொம்ப வருத்தம் என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு தெருவில் இறங்கிப் பக்கத்துக் கடைக்குள் ஏறினார். முதலாளி அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

பீரோ மேல் கிடக்கும் சேலையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் கடையில் முந்தானை வெளியே தெரிய மடிப்போம். இதில் கரை தெரிகிறது. என் கை படாத சேலை. ஐந்து வருடம் தாமதமாக வாய் திறந்தவனுக்கு அதுவாவது ஆறுதலாக இருக்கும் என்று பார்த்தேன். இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் போன பிறகு அண்ணன் அதைக் காட்டி, “இத என்னலே செய்ய?” என்றான். கவருக்குள் இருந்த முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

“எனக்குத் தெரியும்ணே” என்றேன்.

ஆனைக்குட்டத்துச் சோளக்காட்டு வேலியில் வடக்குப் பக்கம் ஒரு சேலை கிழிந்து தொங்குகிறதாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் போகிறேன். சேலையோடு அந்த அட்டையையும் சேர்த்துத்தான் கட்டப்போகிறேன், படம் வெளிப்பக்கம் பார்க்க. கைகூப்பிப் பன்றிகளை வரவேற்கட்டும்.