சேற்றில் விழுந்த சாவி

இன்றைக்கும் பேருந்து நிறுத்தம் வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். பூட்டினேனா இல்லையா என்று சந்தேகம். பூட்டித்தான் இருந்தது. இருந்தாலும் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். தஞ்சாவூரில் நான் குடியிருப்பது மாடியில். கீழே துணி காயப்போட்டுக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மா சிரித்தார். “என்ன தம்பி, உள்ள தங்கக் கட்டியா வச்சிருக்கீங்க?” தங்கமெல்லாம் இல்லைங்க. ஒரு வாஷிங் மெஷின், ஒரு லேப்டாப், வாங்கி மூன்று மாதமாகியும் பிரிக்காத ஓர் அட்டைப்பெட்டி. அதற்குள் என்ன இருக்கிறதென்று எனக்கே சட்டென்று நினைவுக்கு வரவில்லை. இதற்குத்தான் நிறுத்தத்திலிருந்து ஓடி வந்திருக்கிறேன். நீங்களும் இப்படித்தானா, இல்லை நான் மட்டும்தானா?

பஸ்ஸில் உட்கார்ந்து கையை முகர்ந்தால் இரும்பு வாசனை. அந்த வாசனை எனக்குப் பழக்கமானதே கொஞ்ச வருஷமாகத்தான். வலங்கைமான் பக்கம் இருக்கும் எங்கள் ஊர் வீட்டுக்குப் பூட்டு கிடையாது. தகரக் கதவு. அப்பா நான் சின்னவனாக இருக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா, ஆடு நுழையாமலிருக்கக் கதவுக் கயிற்றை ஆணியில் சுற்றிவிட்டு வயல் வேலைக்குப் போய்விடுவாள். பக்கத்து வீட்டுக் கோழி எங்கள் அரிசிப் பானைக்குப் பின்னால் முட்டையிடும். அந்த வீட்டு மாரியம்மா அத்தை தானே உள்ளே வந்து எடுத்துக்கொள்வாள். போகிற போக்கில் எங்கள் அடுப்பையும் ஊதிவிட்டுப் போவாள். ஏழ்மையை அழகென்று சொல்ல வரவில்லை. கூரை ஒழுகும், அந்த வெட்கத்தில் பள்ளிக்கூட நண்பன் ஒருவனைக்கூட நான் வீட்டுக்குக் கூட்டி வந்ததில்லை. ஆனால் திருட்டுப் பயம் என்ற ஒன்று எங்கள் வீட்டில் இருந்ததில்லை.

அதைக் கொண்டு வந்து வைத்தது நான்தான்.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். தஞ்சாவூர் வருவதற்கு முன்னால், டிகிரி முடித்ததும் கும்பகோணத்தில் ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடையில் விற்பனையாளர் வேலை. முதல் நாளே மேனேஜர் சொன்னார்: “வர்றவங்ககிட்ட என்ன இருக்குன்னு கேக்காதீங்க. என்ன இல்லன்னு கேளுங்க.” சொல்லிக் கொடுத்ததை அப்படியே மனப்பாடம் செய்கிற ஆள் நான். அன்று சாயங்காலம் ஊருக்குப் போய் எங்கள் வீட்டைப் பார்த்தால், கண்ணில் பட்டதெல்லாம் அங்கே இல்லாததுதான். அப்புறம் ஒவ்வொன்றாக வாங்கினேன். கடைசியாகச் சுவர் நிறைய ஒரு டிவி.

“எதுக்குய்யா இம்மாம் பெருசு? இருக்கறதே போதுமே” என்றாள் அம்மா. எனக்குக் கோபம் வந்தது. கடையில் அந்தப் பதிலைச் சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும், பெற்றவளே சொன்னால்?

டிவியோடு ஒரு மரக்கதவும் பூட்டும் வந்தன. “பூட்டாம எங்கயும் போயிடாதம்மா, காலம் கெட்டுக் கெடக்கு.” அதோடு விட்டேனா? கடைக்கு வந்த யாரோ சொன்ன திருட்டுக் கதை ஒன்றைக் கண் மூக்கு வைத்து நீட்டிச் சொன்னேன். பொருள் விற்றுப் பழகிய வாய். அம்மா நம்பிவிட்டாள்.

மறுநாள் முட்டை எடுக்க வந்த அத்தை பூட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாளாம். “ஏன் அண்ணி, இது எனக்கா, கோழிக்கா?” அம்மா சிரித்து மழுப்பியிருக்கிறாள்.

அந்த வருஷம் சம்பா நடவின்போது லீவில் வீட்டில் இருந்தேன். டீ வாங்கிக்கொண்டு வயலுக்குப் போனேன். நடவுப் பெண்கள் வரிசையாகக் குனிந்து, நட்டுக்கொண்டே பின்னால் நகர்வார்கள். ஒருத்தி பிந்தினால் வரிசையே கோணிவிடும். அன்றைக்குப் பிந்தியது அம்மா. சாவியை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகியிருந்தாள். நாலு குத்து நாற்று நடுவாள், இடுப்பைத் தொடுவாள்.

“அண்ணி இடுப்புல எறும்பு பூந்துருச்சுடி!” என்றாள் அத்தை. வரிசையே சிரித்தது. அம்மா மறுபடி தொட்டாள். முடிச்சு அவிழ்ந்திருந்தது.

“ஐயோ, சாவி!”

நாற்றைப் போட்டுவிட்டு எல்லோரும் துழாவ ஆரம்பித்தார்கள். அப்போதுதான் நட்டதெல்லாம் பெயர்ந்து மிதந்தது. வயல்காரர் வரப்பிலிருந்து கத்தினார்: “நடுறீங்களா, புடுங்குறீங்களா?” ஒருத்தியும் நிமிரவில்லை. அத்தை முழங்கை வரை சேற்றில் விட்டுத் தேடினாள். அம்மா மட்டும் தேடவில்லை. வரப்பேறி வீட்டைப் பார்த்து ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

கதவு பூட்டியபடியேதான் இருந்தது. அதில் முதுகைச் சாய்த்துக் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. வயலில் பாம்பைக் கண்டபோதுகூட அவள் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை.

“சாவி சேத்துலதாம்மா கெடக்கு. யாரு வந்து தொறக்கப் போறா?”

“சாவி கெடச்சவ, கெடச்சுதுன்னு சொல்லுவாளாய்யா?”

எனக்குப் பின்னால் காலடிச் சத்தம். திரும்பினால் அத்தை. அம்மா வரப்பிலேயே விட்டுவிட்டு வந்த சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். கையெல்லாம் சேறு. தூக்கை மெதுவாகக் கீழே வைத்தாள். எதற்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கிற வாய் அது. கைச் சேற்றைக்கூடக் கழுவாமல் திரும்பினாள். போய்விட்டாள்.

பூட்டை நான்தான் கல்லால் உடைத்தேன். டிவி வைத்த இடத்தில் இருந்தது. மறுநாள் கும்பகோணம் போய் இன்னும் பெரிய பூட்டாக வாங்கி வந்தேன். படித்தவனுக்குத் தோன்றியது அவ்வளவுதான்.

அதன்பிறகு அம்மா நடவுக்குப் போகவில்லை. வாசலில் நின்று கூப்பிட யாரும் வரவும் இல்லை. இப்போது நடவுக்கு இயந்திரம் வருகிறது. அந்த வரிசையே கலைந்துவிட்டது. அத்தை திருப்பூரில் மகனோடு இருக்கிறாளாம். போகும்போது அம்மாவிடம் சொல்லிக்கொண்டு போனாளா என்று கேட்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை. என்ன பதில் வரும் என்று பயம்.

போன மாதம் அம்மா முதல்முறையாக வாய் திறந்து என்னிடம் ஒரு பொருள் கேட்டாள். “வாசலுக்கு ஒரு கம்பிக் கதவு போட்டுக் குடுய்யா. மரக்கதவத் தொறந்து வச்சுக்கிட்டு ஒக்காரலாம்ல. போறவங்க வர்றவங்களப் பாத்துக்கிட்டு இருப்பேன்.”

போட்டுக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை நானும் அவளோடு கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். எங்கள் தெருவில் பன்னிரண்டு வீடு. எல்லாக் கதவும் சாத்திக் கிடந்தன. உள்ளேயிருந்து டிவி சத்தம் மட்டும் கேட்டது. வெயில் இறங்குகிற வரை பார்த்தோம். அந்தப் பக்கம் யாரும் வரவில்லை.