ஒரு நிமிடம் ஓய்வு கேட்ட பெட்டி

மிளகு அளவில் ஒரு சிவப்பு விளக்கு. அக்காவின் கணவர், என் அத்தான், தெலுங்கு பேசும் ஊரான திருமுல்கேரியில் வாடகை ஷெட்டில் செய்துவந்த பவர் சப்ளைப் பெட்டிகளின் முகப்பில் இருக்கும். அது எரிந்தால் பெட்டி ஓய்வெடுக்கிறது என்று பொருள். அந்த விளக்கை நினைத்தாலே எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. அத்தானோ அதைப் பிள்ளை மாதிரி கொண்டாடினார்.

மசாலா பாக்கெட் போடும் இயந்திரங்களுக்கான பெட்டி அது. மோட்டார் கிளம்பும் கண நேரம் மட்டும் மூன்று பங்கு கரண்ட் இழுக்கும், பிறகு சாதுவாகிவிடும். அந்த இழுப்புக்குச் சாதாரணப் பெட்டி அணைந்துவிடும். அதற்காகப் பெரிய பெட்டி வாங்குவானேன் என்பது அத்தானின் கட்சி. "கல்யாணத்துக்கு வர்ற கூட்டத்துக்காக யாராவது வீட்டையே மண்டபமாக் கட்டுவானா மாப்ளே?" என்பார். அவருடைய பெட்டி சிறியது. கேட்ட நொடியில் மூன்று பங்கையும் கொடுத்துவிட்டு, சூடு தணிய ஒரு நிமிடம் கேட்கும். அதுவரை மறுபடி கிளம்பாதபடி உள்ளே ஒரு பூட்டு வைத்திருந்தார். அக்காவின் நகையும் என் சேமிப்பும் அந்த ஒரு நிமிடத்தை நம்பித்தான் ஷெட்டுக்குள் போயின.

நாங்கள் கணக்கில் எடுக்காதது ஆட்களை. பாக்கெட் சிக்கி இயந்திரம் நின்றால், சிக்கலை எடுத்த கையோடு ஸ்டார்ட் பொத்தானை அழுத்துவார்கள். கிளம்பாவிட்டால் மறுபடி, மறுபடி. போவன்பள்ளி மசாலா மில்லின் ஆபரேட்டர், "மர் கயா சாப், யே டப்பா நக்கோ" என்று, இந்தப் பெட்டியே வேண்டாமென்று, செத்த பெட்டியாகவே கழற்றி அனுப்பிவிட்டார். ஷெட்டில் மாட்டினால் ஜம்மென்று ஓடியது! 'ஒரு நிமிடம் பொறுக்கவும்' என்று தெலுங்கிலும் இந்தியிலும் ஒட்டிப் பார்த்தோம். பொறுப்பவர் யார்? கடைசியில் அத்தான் மனசில்லாமல் பூட்டை எடுத்தார். அவர்கள் அழுத்த அழுத்தப் பெட்டியும் கொடுத்துக்கொண்டே இருந்து, கருகித் திரும்பியது. பூட்டு இருந்தாலும் திரும்பியது, இல்லாவிட்டாலும் திரும்பியது.

ஷெட்டைக் காலி செய்த அன்று அக்கா தரையைப் பெருக்கிவிட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

இப்போது அத்தான் வேறொருவர் கடையில் இறக்குமதிப் பெட்டிகள் விற்கிறார். போன வாரம் போயிருந்தேன். பட்டறைக்காரர் ஒருவர் தெலுங்கில் கேட்டுக்கொண்டிருந்தார்: மோட்டார் கிளம்பும்போது மட்டும் கரண்ட் அதிகம் இழுக்கிறது, அந்தக் கொஞ்ச நேரத்துக்குச் சின்னப் பெட்டியிலேயே ஏதாவது வழி உண்டா?

நான் அத்தானின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏமீ லேது பாபு. பெத்ததே தீஸ்கோ" என்றார்.

ஒரு வழியும் இல்லையாம். பெரியதையே வாங்கிக்கொள்ள வேண்டுமாம். என் பக்கம் திரும்பாமலே பெரிய பெட்டியை இறக்கி வைத்தார்.