கிருபாவதியிடம் நிமிர்ந்துதான் பேச வேண்டும்

கம்பம் புதுப்பட்டியிலிருந்து தினமும் காலை ஆறு மணி ஜீப்பில் மேடேறி, கேரளத்து ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகும் பதினாறு பெண்களில் கிருபாவதி ஒருவர். வயது நாற்பத்து மூன்று. இரண்டு காதும் கேட்காது.

பதினோரு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. கழுத்து விறைத்து, வெளிச்சம் பட்டால் அலறிக்கொண்டு கிடந்த பிள்ளைக்கு ஐந்து நாள் வேப்பிலை அடித்தார்கள், கயிறு கட்டினார்கள், குறி கேட்டார்கள். ஆறாம் நாள்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். உயிர் தப்பியது. காது போனதற்கு அந்த வீட்டில் இன்றுவரை விதியைத்தான் குறை சொல்கிறார்கள். அந்த ஐந்து நாளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அதன்பிறகு அந்தச் சிறுமி செய்ததை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, கருவி இல்லை. கடைக்காரர் வாயை, கண்டக்டர் வாயை, சண்டை போடும் பக்கத்து வீட்டுக்காரர்கள் வாயை வெறித்து வெறித்துப் பார்த்தே பேச்சைத் திரும்பப் பிடித்துவிட்டார். ‘பா’வும் ‘மா’வும் உதட்டில் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்று அவராகவே கண்டுபிடித்தார். “பத்துச் சொல்லுல நாலுதான் உதட்டுல தெரியும். மிச்சத்த கண்ணு, புருவம், தொண்டக்குழி இதுல இருந்துதான் எடுக்கணும்” என்கிறார். பேசும்போது குரலில் ஏற்ற இறக்கம் இருக்காது; சொல் தெளிவாக இருக்கும்.

இதைவிட ஒன்று உண்டு. அவருக்கு மலையாளம் தெரியும். காது போனபின் பதினைந்து ஆண்டு கழித்து மலைக்குப் போகத் தொடங்கியவர் அவர். அந்த மொழி எப்படி ஒலிக்கும் என்றே தெரியாது. தோட்டத்து ஆட்களின் உதட்டிலிருந்து மட்டுமே எடுத்தார். ஒருமுறைகூடக் கேட்காத மொழியில் ஒருவர் கேலி பேசிச் சிரிக்கிறார் என்றால், மனித மூளையை என்னவென்று சொல்வது?

“சாமி ஒரு பக்கம் எடுத்தா மறுபக்கம் குடுத்துரும்த்தா” என்றார் ஜீப் ஓட்டும் சுருளி, ஒருநாள்.

“குடுக்குற சாமி காதையே விட்டு வச்சிருக்கலாம்லண்ணே. இந்த வேலையெல்லாம் நான்தான பாத்தேன்” என்றார் கிருபாவதி.

ஆறேழு வருடமாகத்தான் இந்த வித்தைக்கு இடைஞ்சல் வந்தது. ஊர் தலைகுனிந்து பேச ஆரம்பித்தது. போனைப் பார்த்துக்கொண்டே பேசுகிறவரின் பேச்சு மற்றவர்களுக்குப் பாதியாவது காதில் விழும். கிருபாவதிக்கு வெறும் உச்சந்தலைதான். ஜீப்பில் எதிரே இருக்கும் பெண்களின் வாயைப் பார்த்து ஊர்க்கதை முழுக்கத் தெரிந்துகொண்டவருக்கு, இப்போது வரிசையாக வகிடுகள்தான் தெரிந்தன.

வீட்டிலும் அதே கதை. கணவர் தவசி சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, அதைப் பார்த்தபடியே ஏதோ கேட்பார். கிருபாவதி பதில் சொல்வதை நிறுத்திவிட்டார். பதில் வராததைத் தவசி கவனிக்கவில்லை. “ஒருநா, வீடு தீப்பிடிச்சு எரியுதுன்னு சொல்லிப் பாத்தேன். ம்ம்னு தலையாட்டிட்டு ரசம் ஊத்தச் சொன்னாரு” என்று ஜீப்பில் சொன்னபோது, சிரித்தவர்கள்கூடச் சிரித்து முடித்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள்.

போனைத் திட்டுவது அவர் நோக்கம் அல்ல. கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கும் மகள் சினேகா வீடியோவில் வரும்போது திரை நிறைய அவள் முகம். முப்பது ஆண்டாகத் தொலைவில் இருக்கும் யாரோடும் பேச முடியாதவருக்கு அது கிடைத்தது அந்தக் கருவியால்தான். கருவிக்கு நெஞ்சு கிடையாது. எதிரில் நிற்கும் ஆளை மதிப்பதும் மதிக்காததும் மனிதரின் வேலை.

போன மழைக்காலத்தில் அது நடந்தது. ஏலத்தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. முதல் நாள் பாதியில் விட்ட வரிசையில்தான் மறுநாள் உட்கார வேண்டும். அடுத்தவர் வரிசையில் கை வைத்தால் சண்டை. அதனால் ஜீப்பை விட்டு இறங்கியதும் அவரவர் தம் வரிசைக்கு நடந்துவிடுவார்கள். கிருபாவதி பாதியில் விட்ட வரிசை ஓடைக்குக் கீழே இருந்தது. முந்தின நாள் சாயங்காலம் ஓடைக்குக் கீழே பூச்சிமருந்து அடித்திருந்தார்கள். அங்கே மூன்று நாள் யாரும் போகக் கூடாது.

சூப்பர்வைசர் பொன்னுராஜ் அதைக் காலையில் சொன்னார். எடை போடும் கொட்டகை முன்னால் நின்று, போனில் மாட்டுவண்டிப் பந்தயம் பார்த்துக்கொண்டே சொன்னார். கிருபாவதி பார்த்தது அவருடைய தொப்பியின் மேல்பாகத்தை. “என்னண்ணே?” என்று கேட்டதற்கு, நிமிராமல் கையை வீசினார். போ என்று அர்த்தம் எடுத்துக்கொண்டு போனார்.

ஏலக்காய் செடியின் அடியில் காய்க்கும். நனைந்த இலைகளுக்குக் கீழே புகுந்து, தரையோடு தரையாக உட்கார்ந்து எடுக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் வாயில் எச்சில் ஊறி வழிந்தது, வயிறு முறுக்கியது. பிறகு கண் மங்கியது. எப்படியோ ஓடையைத் தாண்டித் தவழ்ந்து வந்தவரைத் தோழி பவுனு தூக்கினார். பவுனுவின் வாய் திறந்து திறந்து மூடுவது தெரிந்தது. ஒரு சொல்லும் தெரியவில்லை. கண் போனால் தனக்கு எல்லாமே போகும் என்று கிருபாவதிக்கு உறைத்தது அந்த நிமிடத்தில்தான். “அம்புட்டுப் பயம் நான் பட்டதே இல்ல” என்கிறார்.

கம்பம் அரசு ஆஸ்பத்திரியில் ஐந்து நாள். பார்வை முழுதாகத் திரும்பியது. வீட்டுக்கு வந்த அன்று பவுனு தகவல் கொண்டுவந்தார்.

“இனிமே உன்னையக் கூட்டியார வேணாம்னு சொல்லிட்டாக மதினி. காது கேக்காத ஆள வச்சு வேல வாங்குறது ரிஸ்க்காம். எல்லாருக்கும் கேட்டுச்சாம், ஒனக்கு மட்டும் கேக்கலையாம்.”

சினேகாவுக்கு இன்னும் ஒரு வருடப் படிப்பு இருந்தது. இங்கே வேண்டாம் என்றால் மலை முழுக்க அந்தச் சேதி பரவும். பிறகு வேறு தோட்டமும் சேர்க்காது. மருந்து அடித்த இடத்தில் ஒரு சிவப்புத் துணிகூடக் கட்டாதவர்கள், விஷம் ஏறியவரைக் குற்றவாளி ஆக்கிவிட்டார்கள்.

திங்கட்கிழமை கிருபாவதி ஜீப்பில் ஏறினார். சுருளி வண்டியை எடுத்தார். மேலே கொட்டகையில் மேனேஜர் ஜோசுகுட்டி போனில் எதையோ தள்ளிக்கொண்டே பேசத் தொடங்கினார்.

“சார், போனக் கீழ வைங்க. நீங்க பேசுறது எனக்குத் தெரியல.”

ஜோசுகுட்டி நிமிர்ந்தார். போனைச் சட்டைப்பையில் போட்டார்.

“சேச்சி, உங்க நல்லதுக்குத்தான் சொல்றது. பொன்னுராஜ் எல்லார் முன்னாடியும்தான் சொன்னான். எல்லாரும் கேட்டிருக்கு. நிங்களுக்குக் கேக்க முடியல. நாளைக்கி உயிர் போனா?”

“எல்லாரும் கேட்டாகளா?”

“பின்னே?”

“அப்ப ஒவ்வொருத்தரையா தனியாக் கூப்பிட்டுக் கேளுங்க. அன்னைக்கி அண்ணன் என்ன சொன்னாகன்னு. ஒருத்தர் சொல்றது இன்னொருத்தர் காதுல விழக் கூடாது.”

“இதென்ன பரீச்சையா?” என்றார் பொன்னுராஜ்.

“நீ ஏண்ணே பதறுற? நீதான வாத்தியாரு” என்றார் பவுனு.

ஜோசுகுட்டிக்கும் வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். சரி என்றார். பதினைந்து பெண்களும் ஒவ்வொருவராகப் போய் அவர் காதருகே சொன்னார்கள். பத்தடி தள்ளி நின்ற கிருபாவதி எல்லாவற்றையும் உதட்டில் படித்துக்கொண்டிருந்தார்.

ஜீப் மூன்றரைக்கே கிளம்பும் என்று சொன்னதாக ஷரீபா சொன்னார். அது அதற்கு முந்தின நாள் சொன்னது. மருந்து இனிமேல்தான் அடிக்கப் போகிறார்கள் என்று மூன்று பேர். ஓடைக்கு மேலே அடித்திருக்கிறது, கீழே போங்கள் என்று சொன்னதாக இரண்டு பேர் உறுதியாகச் சொன்னார்கள். பவுனுவின் முறை வந்தது. “எனக்கு ஒண்ணும் தெரியாது சார். எம்மக வளைகாப்பு வீடியோ வந்திருந்துச்சு, அதப் பாத்துக்கிட்டிருந்தேன்” என்றார். பாக்கிப் பேரில் பலர் சும்மா சிரித்தார்கள்.

ஜோசுகுட்டியே எண்ணிச் சொன்னார்: சரியாகச் சொன்னது மூன்று பேர்.

ஜோசுகுட்டியின் முகத்தில் சிரிப்பு இல்லை. மற்றவர்கள் பிழைத்தது காது கேட்டதால் இல்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. அவர்களுடைய வரிசைகள் ஓடைக்கு மேலே இருந்தன, அவ்வளவுதான். பன்னிரண்டு பேர் தங்களுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு நடந்திருக்கிறார்கள். தனக்குத் தெரியவில்லை என்று தெரிந்து, வாய்விட்டுக் கேட்டவர் ஒருவர்தான். அவரைத்தான் வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள்.

ஐந்தாம் வகுப்போடு நின்ற ஒரு கூலிப்பெண், ஆய்வுக்கூடத்தில் செய்வதுபோல ஒரு சோதனையை வகுத்து, எதிராளியையே நடத்த வைத்து, விடையை அவர் வாயால் எண்ண வைத்தார். நீதி கேட்க இதைவிடச் சுத்தமான வழியை நான் எந்த மன்றத்திலும் பார்த்ததில்லை.

ஆனாலும் மேனேஜர் மேனேஜர்தான். “ஒரு பேப்பர் எழுதித் தந்தா போதும். என்ன ஆனாலும் தோட்டத்துக்குப் பொறுப்பில்லன்னு. வேலைக்கு வரலாம்” என்றார்.

“எழுதித் தாரேன் சார். நீங்களும் ஒண்ணு எழுதித் தாங்க. எம்மூஞ்சியப் பாத்துத்தான் பேசுவோம்னு. ரெண்டையும் ஒரே தாள்ல எழுதிக்கிருவோம்.”

பெண்கள் யாரும் வரிசைக்கு நகரவில்லை. காய்க் கூடைகளோடு நின்றுகொண்டே இருந்தார்கள். மணி எட்டரை தாண்டியது. கடைசியில் எந்தத் தாளும் எழுதப்படவில்லை. “போய் வேல பாருங்க” என்றார் ஜோசுகுட்டி, கிருபாவதியின் முகத்தைப் பார்த்து. மருந்து அடித்த இடத்துக்குப் பலகை வைப்பதாகவும் சொன்னார். பலகை இன்னும் வரவில்லை.

மறுநாள் காலை கொட்டகை முன்னால் பொன்னுராஜ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். போகக் கூடாத இடங்களைச் சொல்லத் தொடங்கினார். அவர் சொல்லச் சொல்லக் கிருபாவதி உரக்கத் திருப்பிச் சொன்னார். பாதியில் பையில் போன் அடித்தது. பொன்னுராஜின் கண் ஒரு நொடி கீழே போனது.

“நில்லுங்கண்ணே” என்றார் கிருபாவதி. “மொதல்ல இருந்து சொல்லுங்க.”

போன் அடித்து ஓயும்வரை பதினாறு பேரும் அசையாமல் நின்றார்கள். பொன்னுராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலிலிருந்து தொடங்கினார்.