விக்கிரமங்கலம் பக்கம் ஏரிச்சேறு எடுக்கப் போன கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சரியான பயந்தாங்கொள்ளி. என் தோழி கலைச்செல்வி ஏரிச்சேற்றை வைத்து முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். "லீவுதானடி, கூட வாயேன். ஒரு கை குறையுது" என்று கூப்பிட்டாள். போன ஆனி மாதம், ஏரி முக்கால்வாசி வற்றியிருந்த ஒரு சனிக்கிழமை, புத்தி கெட்டுப்போய்க் கிளம்பினேன்.

பெரம்பலூரிலிருந்து காலை 6.10க்குக் குட்டியானை மினி லாரியில் புறப்பாடு. டீசலோடு நாள் வாடகை 2,400 ரூபாய். அரியலூர் வழியாக விக்கிரமங்கலம் தாண்டி ஏரிக்கரை வரை 56 கிலோமீட்டர். வழியெல்லாம் சிமெண்ட் லாரிகள். ஒவ்வொன்றும் உரசுகிற மாதிரி வரும்போது கண்ணை மூடிக்கொண்டேன். அரியலூரில் இட்லி, டீ ஆளுக்கு 45 ரூபாய். டிரைவர் மதியழகன் மட்டும் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

8.20க்கு ஏரி. இரண்டு மீட்டர் பிளாஸ்டிக் குழாயைச் சேற்றில் நேராக அடித்து இறக்கி, சேற்றோடு உருவ வேண்டும், அதுதான் வேலை. மண்ணிலுள்ள பொடிப்பொடி இரும்புத் துகள்கள், படிந்த காலத்தில் பூமியின் காந்தம் எந்தப் பக்கம் இழுத்ததோ அந்தப் பக்கம் பார்த்தே படுத்துவிடுமாம். அடுக்கடுக்காகப் பார்த்தால் பழைய காந்தத் திசையும் தெரியும், எப்போது மழை பெய்தது, எப்போது காய்ந்தது என்பதும் தெரியும் என்றாள். அதனால் குழாய்மேல் வடக்கைக் குறித்த பிறகுதான் உருவலாம். சேறு கலங்கினால் எல்லாம் போச்சு. மழைக்கு முன் இந்த ஒரு குழாய் கிடைக்காவிட்டால் அவளுக்கு ஒரு வருஷம் வீண்.

11 மணிக்குக் குழாய் முழுசாக வெளியே வந்தது. நிறுத்திப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தால் கரையில் மூன்று பைக். கால் மணி நேரத்தில் இருபது பேர் சேற்றில் இறங்கி வந்துவிட்டார்கள். முன்னால் வந்த பெண்ணின் பெயர் ராசாத்தி. ஏரிக்குக் கீழே ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவர்.

"யாரக் கேட்டு இங்க போர் போடுறீங்க?"

"பர்மிஷன் இருக்குங்க" என்று கலைச்செல்வி கடிதத்தை எடுத்து நீட்டினாள். அதுதான் வினையாகப் போனது. "கவர்மெண்டு சீலு இருக்குப்பா" என்று யாரோ பின்னால் சொன்னதும் மொத்தக் கூட்டமும் நெருங்கியது. மதியழகன் என் காதருகே, "அக்கா, வண்டிய எடுத்துரட்டுமா?" என்றார். ஓடலாமென்றால் முழங்கால் வரை சேறு.

ராசாத்தி குழாயின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "எங்க அண்ணன் ஊருக்கும் இப்படித்தான் வந்தாங்க. சும்மா மண்ணு பாக்குறோம்னாங்க. அப்பறம் கீழ நெலக்கரி இருக்குன்னு நோட்டீஸ் வந்துச்சு. நெலம் போயிடுச்சு. இப்ப டவுன்ல வாடக வூட்டுல கெடக்குறாங்க."

"நான் படிக்கிற பொண்ணுங்க. பழைய மழையப் பத்திதான் பாக்குறேன், சத்தியமா."

"நீ பொய் சொல்றேன்னு நான் சொல்லலம்மா. அன்னிக்கி வந்த புள்ளைங்களும் பொய் சொல்லல. எதுக்கு எடுக்குறோம்னு அதுங்களுக்கே தெரியாது."

கலைச்செல்வி குழாயின் அடிமூடியைக் கழற்றி, எடுத்த குழியிலேயே சேற்றைத் தள்ள ஆரம்பித்தாள். அரை மணி நேரம் ஆனது. அழுதது நான்தான். எல்லாம் முடிந்ததும் ராசாத்தி கலைச்செல்வியின் போன் நம்பரை வாங்கிக்கொண்டார்.

போகிறவர்களுக்கு: மண், கல், தொல்லுயிர் எச்சம் எதைப் பார்க்கப் போனாலும் முந்தின நாளே ஊருக்குள் போய், டீக்கடையில் உட்கார்ந்து, வயல்காரர்களிடம் பேசிவிடுங்கள். வண்டியை ஏரிக்குள் விடுவது அதற்கப்புறம். மாற்றுத்துணியும் நான்கு லிட்டர் தண்ணீரும் அவசியம். பக்கத்தில் கடை கிடையாது.

ஐப்பசியில் ஏரி நிறைந்துவிட்டது. ஏரிப் பக்கம் புது வண்டி எது வந்தாலும் ராசாத்தி கலைச்செல்வியைக் கூப்பிடுகிறார். போன வாரம் கூப்பிட்டபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

"கரையில நாலு பேரு அளவுக்கல்லு நட்டுட்டு இருக்காங்க. உங்க ஆளுங்களாம்மா?"

"இல்லைங்க."

"அப்ப யாரு?"

கலைச்செல்வி என்னைப் பார்த்தாள். ராசாத்தி போனை வைக்காமல் காத்திருந்தார்.